முகப்பழக்கமும் வேலையும்

பாஸ்டன் நகரை ஒட்டி நியூட்டன் என்றொரு ஊர். அங்கே புதிதாக வேலை மாறியிருந்த 282 ஆண்களை மார்க் கிரனோவெட்டர் என்ற ஹார்வர்டு ஆய்வு மாணவர் தேடிப் பிடித்து, இந்த வேலை காலியாக இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று விசாரித்தார். எல்லோரும் படித்தவர்கள், தொழில்நுட்பம், நிர்வாகம் சார்ந்த பணிகளில் இருந்தவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விளம்பரம் பார்த்தோ வேலைவாய்ப்பு நிறுவனத்துக்குப் போயோ வேலையைக் கண்டுபிடிக்கவில்லை. ஆள் சொல்லித்தான் தெரியும் என்றார்கள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த கேள்விக்கு வந்த பதில்தான் சமூகவியலில் நிலைத்துவிட்டது. சொன்னவரை அந்த நாட்களில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பேன் என்றவர்கள் 27.8 சதவீதம். கணக்கு சிறியதுதான், இந்தக் கேள்விக்கான பதில் 54 பேருடையது. ஆனாலும் நண்பர் சொன்னாரா என்று கேட்டபோதெல்லாம், நண்பர் இல்லை, தெரிந்தவர் என்று பலரும் திருத்திச் சொன்னது அவரை யோசிக்க வைத்தது.

அவர் கண்டறிந்த காரணம் எளிமையானது. நெருங்கிய நண்பர்கள் நாம் புழங்கும் வட்டத்திலேயே புழங்குகிறார்கள். நமக்குத் தெரிந்த செய்திதான் அவர்களுக்கும் தெரியும். முகப்பழக்கம் மட்டும் உள்ளவர்கள் வேறு இடத்தில், வேறு மனிதர்களோடு இருப்பவர்கள். நமக்கு எட்டாத செய்தி அவர்கள் வழியாக வந்து சேர்கிறது. இதைச் சொல்லி அவர் எழுதிய, ஒரு முன்னணி இதழ் முதலில் திருப்பி அனுப்பிய கட்டுரை, திருத்தம் பெற்று 1973இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜி இதழில் வெளியானது. சமூக ஊடகத்தில் வேலை தேடுவது பற்றி இன்று யார் பேசினாலும், தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கட்டுரையின் மேல் நின்றுதான் பேசுகிறார்கள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. வேலை கிடைத்தவர்களிடம் பின்னால் போய்க் கேட்பதால், தொடர்பு வேலையைத் தந்ததா, அல்லது எப்படியும் வேலை பெறக்கூடியவருக்குத் தொடர்புகளும் அதிகமாக இருந்தனவா என்று பிரித்தறிய முடியாது. பிரித்தறிய வேண்டுமானால் சிலருக்கு மட்டும் புதிய அறிமுகங்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சியாளர் யாருக்கும் அந்த வசதி கிடையாது. லிங்க்ட்இன் நிறுவனத்துக்கு இருந்தது. 2003 மே மாதம் தொடங்கிய அந்தத் தளத்தை 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியதாக 2023இல் அறிவிப்பு வந்தது. உள்ளே நுழைந்தால், இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று சில முகங்களை அது காட்டுமல்லவா? அந்தப் பரிந்துரையைத் தீர்மானிக்கும் கணிப்பு நிரலை 2015 முதல் 2019 வரை வெவ்வேறு பயனர்களுக்கு வெவ்வேறு விதமாக மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நெருக்கமானவர்கள் அதிகம் காட்டப்பட்டார்கள், சிலருக்குத் தூரத்து அறிமுகங்கள். 2 கோடிக்கும் மேற்பட்ட மனிதர்கள், அவர்களுக்கிடையே உருவான 200 கோடி புதிய தொடர்புகள், அந்தக் காலத்தில் நடந்த 6 லட்சம் வேலை மாற்றங்கள். கார்த்திக் ராஜ்குமார், எரிக் பிரிஞ்ஜால்ஃப்சன், சினான் ஆரல் உள்ளிட்ட ஐவர் எழுதிய ஆய்வு 2022 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் வந்தது.

இந்தப் பரிசோதனைக்குத் தனித்தனியாக யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. தளத்தின் பயன்பாட்டு விதிகளில் ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறது என்பது நிறுவனத்தின் பதில். அந்தப் பதில் போதாது என்றே நினைக்கிறேன். ஒருவருக்கு எந்த முகம் காட்டப்படுகிறது என்பது அவருக்கு வேலை கிடைப்பதைப் பாதிக்கிறது என்றால், அதை மாற்றி வைத்துப் பார்க்கும்போது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கிடைத்த முடிவை ஒதுக்கிவிடவும் முடியாது.

கிரனோவெட்டர் சொன்னது பெருமளவு சரி, முழுக்கச் சரியல்ல என்பதுதான் அந்த முடிவு. மிக நெருக்கமானவர்களால் வேலை மாற்றம் குறைவாகவே நடந்தது. பொதுவான நண்பரே இல்லாத முற்றிலும் புதியவரும் அவ்வளவாக உதவவில்லை. இடைப்பட்டவர்கள், அதாவது நமக்கும் அவருக்கும் பொதுவாகச் சுமார் பத்துப் பேர் இருக்கும் அளவு அறிமுகம் உள்ளவர்கள், அதிகம் உதவினார்கள். இன்னொரு முடிவும் இருந்தது, அது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மென்பொருள் போலக் கணினி சார்ந்த துறைகளில், இருந்த இடத்திலிருந்தே வேலை பார்க்கக்கூடிய துறைகளில், தளர்வான அறிமுகங்கள் கூடுதலாக உதவின. கணினிப் பயன்பாடு குறைந்த துறைகளில் நெருங்கிய உறவுகளே கைகொடுத்தன.

இதைத் தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்குகிறது. சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில், ஊழியர் ஒருவரைப் பரிந்துரைப்பதற்கு ரெஃபரல் என்று முறையான ஏற்பாடே உண்டு. பரிந்துரைக்கப்பட்டவர் வேலைக்குச் சேர்ந்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்கள் பல. அங்கே பரிந்துரைப்பவர் தன் பெயரைப் பெரிதாகப் பணயம் வைப்பதில்லை. தேர்வும் நேர்காணலும் தனியே நடக்கின்றன. ஆகவே முகம் பார்த்திராத ஜூனியருக்கும் ரெஃபரல் கொடுத்துவிடலாம். திருப்பூரில் தையல், கட்டிங், செக்கிங் வேலைக்கு ஆள் எடுப்பது வேறு வகை. வருபவர் நின்று வேலை பார்ப்பாரா, முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவாரா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்பவர் சொந்தக்காரராகவோ ஊர்க்காரராகவோதான் இருப்பார். எனவே படித்த வேலைக்கு லிங்க்ட்இன், உடலுழைப்பு வேலைக்கு வாட்ஸ்அப் குரூப் என்று சமூக ஊடகமே இரண்டாகப் பிரிந்து கிடப்பது தற்செயலல்ல. வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள். ஆட்கள் தேவை என்ற ஸ்டேட்டஸ் அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது.

ஃபேஸ்புக் தரவுகளை வைத்து 55 நாடுகளில் லாரா ஜீ, ஜேசன் ஜோன்ஸ், மொய்ரா பர்க் முதலியோர் செய்த ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் சேர்க்கிறது. பெரும்பாலோருக்கு வேலை கிடைப்பது தளர்வான அறிமுகம் ஒன்றின் மூலம்தான். ஏனென்றால் அப்படிப்பட்ட அறிமுகங்கள் நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் ஓர் ஆளை எடுத்து ஓர் ஆளோடு ஒப்பிட்டால், நெருக்கமானவர் ஒருவர் இருக்கும் நிறுவனத்தில் நாம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அதாவது அக்கா வேலை பார்க்கும் அலுவலகத்தில் இடமிருந்தால் அக்காவிடம்தான் கேட்க வேண்டும். அக்காவே இல்லாதவர் என்ன செய்வது என்பதுதான் நம் பிரச்சினை.

அந்தப் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்தவரை மிக நேர்மையான பதில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. அங்கே இளைஞர் வேலையின்மை உலகிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. ஹரம்பீ என்ற அமைப்பு, வசதியற்ற குடும்பங்களிலிருந்து வரும் இளைஞர்களுக்குச் சில வாரங்கள் வேலைக்கான ஆயத்தப் பயிற்சி தருகிறது. பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் உறவினர் இல்லாதவர்கள். லாரல் வீலரும் ராபர்ட் கார்லிக்கும் மற்ற ஆய்வாளர்களும் பெருநகரங்களில் அந்தப் பயிற்சியில் சேர்ந்த 30 குழுக்களை, மொத்தம் 1,638 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் சில குழுக்களுக்கு மட்டும் வழக்கமான பயிற்சியின் நடுவே லிங்க்ட்இன் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்தார்கள். கணக்குத் தொடங்குவது, செய்த வேலையைச் சரியான சொற்களில் எழுதுவது, நிறுவனங்களின் பக்கங்களைப் பின்தொடர்வது, அந்தத் துறையில் இருப்பவர்களோடு இணைவது, தெரிந்தவரிடம் ஒரு நற்சான்று எழுதி வாங்குவது. அவ்வளவுதான். பெருஞ்செலவு எதுவும் இல்லை.

பயிற்சி முடிந்தபோது லிங்க்ட்இன் கற்காத குழுக்களில் 70 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள். கற்ற குழுக்களில் 77 சதவீதம். அந்த 7 புள்ளி வேறுபாடு ஓராண்டு கழித்தும் மறையவில்லை. இரு குழுக்களுக்கும் ஹரம்பீயின் மற்றப் பயிற்சி கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. பயிற்சி ஏதுமில்லாதவர் ஒரு கணக்கைத் தொடங்கியதும் இதே பலன் வரும் என்று இந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. இருந்தாலும் இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு நீடித்த பலன் தந்த வேலைவாய்ப்புத் திட்டம் அபூர்வம்.

எப்படி நடந்தது என்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. இளைஞர்கள் அந்தத் தளத்தைப் பெரிதும் செய்தி அறிந்துகொள்ளப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்த நிறுவனம் என்ன செய்கிறது, எப்படிப்பட்டவர்களை எடுக்கிறது, அங்கே இருப்பவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். பரிந்துரை கிடைத்ததும், தங்களைப் பற்றிய தகவல் நிறுவனத்தை எட்டியதும் ஓரளவு உதவியிருக்கலாம். எனக்கு வேலை வேண்டும் என்று பொதுவில் முழங்கியது காரணமாகத் தெரியவில்லை.

இங்கே நடப்பதோ அந்த முழக்கம்தான். லிங்க்ட்இன்னில் யாராவது ஒரு ஹெச்.ஆர். ஆட்கள் தேவை என்று பதிவிட்டால், அதன் கீழே இன்ட்ரஸ்டெட் சார், இன்ட்ரஸ்டெட் மேடம் என்று நூற்றுக்கணக்கான பின்னூட்டங்கள். பலர் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்த்தே போடுகிறார்கள். அவற்றை யாரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் அந்த எண்களைத் திரட்டிக்கொண்டு போகும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தளம் யாருக்காக இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அணுகுமுறை மாறும். மைக்ரோசாஃப்ட் வாங்குவதற்கு முந்தைய ஆண்டான 2015இல் லிங்க்ட்இன்னின் வருமானம் ஏறக்குறைய 300 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 60 சதவீதம், ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்குத் தேடல் கருவிகளையும் விளம்பரங்களையும் விற்றதால் வந்தது. வேலை தேடுபவர் அங்கே வாடிக்கையாளர் அல்ல, தேடப்படுபவர். ஆள் எடுப்பவர் ஊர், படிப்பு, திறன், அனுபவம் என்று சொற்களை இட்டுத் தேடுகிறார். கடின உழைப்பாளி, ஃப்ரெஷர், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருப்பவர் அந்தத் தேடலில் அகப்படுவதே இல்லை. டேலி தெரியும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யத் தெரியும், ஆட்டோகேடில் வீட்டு வரைபடம் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருப்பவர் அகப்படுவார். பொங்கல் விடுமுறையில் மாமாவின் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து பில் பதிந்ததைக்கூட வேலை அனுபவமாக எழுதலாம் என்று நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் இது சிறிய விஷயமல்ல. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் மாநிலம் இது. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அவர்கள் கையில் பட்டம் இருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா இல்லை. நகரத்துப் பொறியியல் கல்லூரிக்குக் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்கள், தர்மபுரியிலோ தென்காசியிலோ இருக்கும் கலை அறிவியல் கல்லூரிக்கு அதிகம் வருவதில்லை. அந்த மாணவியின் வட்டத்தில் யாருக்கும் தெரியாத செய்தி அவளுக்கும் தெரியாது. கிரனோவெட்டர் 50 ஆண்டுகளுக்கு முன் விவரித்த நிலைமை இதுவே.

அவளுக்கு உதவக்கூடிய அந்த இடைப்பட்ட அறிமுகம் யார்? பொதுவாகப் பத்துப் பேர் தெரிந்த, ஆனால் தினமும் பேசாத ஒருவர்? அதே கல்லூரியில், அதே துறையில், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் படித்துவிட்டுப் போன சீனியர்தான். இருவருக்கும் ஆசிரியர்கள் பொது, விடுதி பொது, ஊர்ப் பேருந்துகூடப் பொது. லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பெயரைத் தட்டி, முன்னாள் மாணவர்கள் என்ற பகுதிக்குப் போனால் அவர்கள் எந்தெந்த ஊரில், எந்தெந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று வரிசையாக வருகிறது. கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலகத்திலேயே இல்லாத பட்டியல் அது.

அவர்களுக்கு எழுதும்போது, வேலை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால் பதில் வருவது அரிது. கேட்கப்பட்டவரால் அதைச் செய்ய முடியாது என்பதுதான் காரணம். அக்கா, நீங்கள் படித்த அதே துறையில் இறுதியாண்டு படிக்கிறேன், நீங்கள் இப்போது செய்யும் வேலைக்கு முதலில் என்ன கற்றுக்கொண்டீர்கள், உங்கள் நிறுவனத்தில் எந்த மாதங்களில் ஆள் எடுப்பார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. அந்தப் பதிலே செய்தி. அதன் பிறகு இடம் காலியாகும்போது அந்த அக்காவுக்கு இந்தப் பெண்ணின் பெயர் நினைவுக்கு வர வாய்ப்பு உண்டு. முன்பின் தெரியாதவரிடம் கேட்பது நம் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்பது கைநீட்டுவது ஆகாது. நகரத்துப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்கும் அதே கேள்வியைத்தான் இவர்கள் எழுத்தில் கேட்கிறார்கள்.

காத்திருப்பு என்ற ஆபத்தும் இருக்கிறது. இந்தியாவில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களை ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் சேர்த்துவிட்டு எரின் கெல்லி, கிறிஸ்டோஃபர் சோல், ஜெரமி மக்ரூடர் ஆகியோர் செய்த சோதனையில், தளத்தில் சேர்ந்தவர்களில் வேலைக்குப் போனவர்கள் குறைந்தார்கள். தளத்தின் மூலம் நல்லது வரும் என்று எதிர்பார்த்துக் கையில் வந்த வேலையைத் தள்ளிப் போட்டதுதான் காரணம். கணக்கு தொடங்கிய மாதத்திலேயே அழைப்பு வரும் என்று நம்பவைக்கும் காணொளிகளை யூடியூபில் வெளியிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, சமூக ஊடகம் எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆனால் இங்கே அதிகம் எழுதப்படாதது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பயனாக நம் பயோடேட்டாவில் இன்று ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான் இருக்கின்றன. வட இந்தியாவில் குடும்பப் பெயரைப் பார்த்ததுமே சாதியை ஊகித்துவிடுகிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டிவெலும் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாக வந்ததைக் காட்டினார்கள். தமிழ்ப் பயோடேட்டாவில் அப்படிப் பார்த்ததும் தெரியாது.

ஃபேஸ்புக்கில் தெரிந்துவிடும். சுயவிவரப் படத்தில் எந்தத் தலைவர், கோயில் கொடைக்கு அடித்த ஃபிளெக்ஸில் யார் யார் படங்கள், கையில் எந்த நிறக் கயிறு, பிறந்தநாள் வாழ்த்தில் சொந்தக்காரர் எழுதிய அடைமொழி என்ன. நூறாண்டு முயற்சியில் பெயரிலிருந்து நீக்கப்பட்டதைப் பத்து நொடியில் கண்டுபிடித்துவிடலாம். ஆள் எடுப்பவர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்களா? அமெரிக்காவில் அலெசாண்ட்ரோ அக்விஸ்டியும் கிறிஸ்டினா ஃபாங்கும் 4,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிச் சோதித்தார்கள். விண்ணப்பத்தில் மதத்தைக் குறிப்பிடவில்லை. பெயரைத் தேடினால் கிடைக்கும் சமூக ஊடகப் பக்கத்தில் மட்டும் ஒருவர் முஸ்லிம், மற்றவர் கிறிஸ்தவர். தேடிப் பார்த்த நிறுவனங்கள் சிறுபான்மைதான். அப்படியிருந்தும் குடியரசுக் கட்சி ஆதரவு மிகுந்த பகுதிகளில் முஸ்லிமாகத் தெரிந்தவருக்கு அழைப்பு குறைந்தது.

பிரான்சில் நடந்த ஆய்வு இன்னும் துல்லியமானது. பாரிஸ் வட்டாரத்தில் கணக்கர் வேலைக்கு ஒரே தகுதியுள்ள இருவர் விண்ணப்பித்தார்கள், இருவருமே ஆய்வாளர்கள் உருவாக்கிய கற்பனை ஆட்கள். ஃபேஸ்புக்கில் ஒருவருக்குச் சொந்த ஊர் பிரான்சில் உள்ள பிரீவ், இன்னொருவருக்கு மொராக்கோவில் உள்ள மராகேஷ். மராகேஷ்காரருக்கு அழைப்புகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. இதற்கிடையில் ஃபேஸ்புக் தன் பக்க அமைப்பை மாற்றியது. அந்த விவரத்தைப் பார்க்க இன்னொரு முறை சொடுக்க வேண்டியதாயிற்று. வேறுபாடு மறைந்துபோனது. ஒரு சொடுக்கு தூரத்தில் தள்ளி வைத்தாலே பாகுபாடு குறைகிறது என்றால், வேலை தேடும் பிள்ளைகள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றி வைப்பது நியாயமான தற்காப்பு. சாதியை மறைக்கச் சொல்கிறேன் என்று இதைப் படிக்க வேண்டாம். பாகுபாடு பார்ப்பது ஆள் எடுப்பவர்களின் குற்றம். அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வலுவாக இல்லாத இடத்தில், தனியார் வேலைக்குப் போகிற ஒரு பெண் அதன் விலையைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

மனிதர் பார்க்காத இடத்திலும் பாகுபாடு நுழைகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஆணுக்கா பெண்ணுக்கா என்று எதையும் குறிக்காமல் ஃபேஸ்புக்கில் கொடுத்த மரம் வெட்டும் வேலைக்கான விளம்பரம் 90 சதவீதம் ஆண்களுக்கே காட்டப்பட்டது. பல்பொருள் அங்காடியில் காசாளர் வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 85 சதவீதம் பெண்கள். விளம்பரம் கொடுத்தவர் கேட்காததை ஃபேஸ்புக்கின் கணிப்பு நிரல் தானாகவே செய்தது. தன் கண்ணுக்கு வராத விளம்பரத்தைப் பற்றி யாரும் புகார் கொடுக்க முடியாது. ஆகவே சுவரில் வந்து விழுவதை மட்டும் நம்பாமல் நிறுவனத்தின் பக்கத்துக்கே போய்த் தேடுவது அவசியமாகிறது.

பெண்களின் நிலை தொழில்நுட்பத்தால் மட்டும் மாறுவதில்லை என்பதற்கு டெல்லியில் ஃபர்சானா அஃப்ரிதி குழுவினர் செய்த ஆய்வு சான்று. வருமானம் குறைந்த பகுதிகளில் மணமான தம்பதியருக்கு, அக்கம்பக்கத்து வேலைகளைக் காட்டும் ஒரு கைபேசிச் சேவையைக் கொடுத்தார்கள். சிலருக்கு மனைவியின் தோழிகளையும் அதில் சேர்த்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் மனைவியர் வேலைக்குப் போவது கூடவில்லை. மனைவியின் தோழிகளைச் சேர்த்த குடும்பங்களில் கணவர்களின் வேலையும் வருமானமும் கூடின. பெண்களிடம் கூடியது வீட்டிலிருந்தே செய்யும் சிறுதொழில். பெண்களின் தொடர்பு வழியாக வந்த செய்தி ஆண்களுக்குப் பயன்பட்டது. வீட்டுவேலையும் வெளியே போகும் அனுமதியும் மாறாமல் தகவல் மட்டும் போதாது.

கடைசியாக, அந்தக் கைபேசி எண்களைத் திரட்டுபவர்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடக விளம்பரம் மூலமும் துபாய், இந்திய ஏஜென்டுகள் மூலமும் தகவல் தொழில்நுட்பம் படித்த இளைஞர்களை ஏமாற்றி மியான்மருக்குள் கடத்துகிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24இல் எச்சரித்தது. மியாவாடி என்ற எல்லைப் பகுதியில் ஆயுதக் காவலுக்குள் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீண்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது.

படித்தவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று கேட்பவர்கள், செய்தி வந்த வழியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது முன்பின் தெரியாத எண்ணிலிருந்து நேராக வருவதில்லை. ஊர்க்காரர் குரூப்பில், பள்ளித்தோழன் ஃபார்வர்டு செய்ததாக வருகிறது. அனுப்பியவன் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கை, அவனுக்கே தெரியாத ஏஜென்டுக்குப் போய்ச் சேர்கிறது. திருப்பூரில் ஊர்க்காரர் பொறுப்பேற்கிறார் என்றேனே, அந்தப் பொறுப்பு ஃபார்வர்டில் கிடையாது. அதனால் ஒரு கேள்வி கட்டாயம்: இதை அனுப்பியவர் அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிற ஒருவரையாவது நேரில் அறிவாரா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது, அங்கே விசாரிக்கலாம். உள்நாட்டில் நடப்பது வேறு வகை: டெலிகிராமில் காணொளிக்கு லைக் போட்டால் பணம் என்று முதலில் சில நூறு ரூபாய் கொடுத்து, பிறகு முன்பணம் கட்டச் சொல்லி லட்சக்கணக்கில் பறிப்பது. பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். வேலைக்கு எடுப்பவர் சம்பளம் கொடுப்பார், பணம் கேட்க மாட்டார்.

2022 மார்ச்சில் தொடங்கிய, தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் கல்லூரிகளில் நடக்கிறது. மொழிப்பயிற்சிக்கும் தொழில்நுட்பத்துக்கும் அதில் இடமிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் செய்ததைப் போல, சீனியர்களைக் கண்டுபிடிப்பது, எழுதிக் கேட்பது, செய்த வேலையைச் சரியாக எழுதுவது, போலி ஏஜென்டை அடையாளம் காண்பது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு அரசுக் கலைக்கல்லூரியின் இறுதியாண்டிலும் சில மணி நேரம் ஒதுக்க வேண்டும். கணினி அறையும் இணைய இணைப்பும் கொஞ்சம் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் நடத்திவிடலாம். வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லி, தப்புத்தப்பான ஆங்கிலத்தில் ஒரு மாணவியோ மாணவனோ உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கலாம். ரெஃபரல் கொடுக்க முடியாவிட்டாலும், கேட்ட கேள்விக்கு நான்கு வரி பதில் எழுதுங்கள்.